கரி

கரடியாம்பதி பஞ்சாயத்துக் கட்டடத்தில்
பலகை மலையாளத்தில், வசவு தமிழில்.
எனக்கு ஆயிரத்து எண்ணூறு, ஐந்து மணி வரை.
அவர்கள் சொல்வதை இவர்களுக்கும்
இவர்கள் சொல்வதைக் கொஞ்சம் ஆறவிட்டு
அவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

வந்தவர்கள் மூவர்.
இருவர் வங்கி, ஒருத்தி பொறியாளர்.
நீலக் கோப்பில் திட்டத்தின் பெயர் பதினான்கு சொல்.
மாராத்தாளுக்கு அது மிஷின் ரூம்,
சாவி அவள் இடுப்பில்.

உள்ளே ஐந்து வெள்ளைக் குழாய்கள்.
கணவாய்க் காற்று புகுந்தால் ஒன்று முனகும்.
இப்போதைக்கு அது செய்யும் வேலை அவ்வளவுதான்.
சவ்வு கிழிந்து பதினோரு மாதம்.
சவ்வின் விலை டாலரில்.
எங்கோ ஒரு நகரத்தில் ரூபாய்க்குச் சளி பிடித்தால்
இங்கே குடத்துக்குத் தும்மல்.

"ஐந்து வருடம் அசல் கேட்க மாட்டோம்,
அது சலுகைக் காலம்" என்றார் கண்ணாடிக்காரர்.
சொன்னேன்.

"எம் பையனுக்குப் பால்பல்லு உழுந்து
புதுப்பல்லு பழுப்பாவே மொளைக்குதுங்க.
அதுக்கு எத்தன வருசம் சலுகை?"

'கால அட்டவணை பற்றிக் கேட்கிறார்'
என்று மாற்றினேன்.
கண்ணாடிக்காரர் குறித்துக்கொண்டார்.

கடன் என்ற சொல்லில் எனக்கு எப்போதும் தடுக்கும்.
வாங்கியதைத் திருப்புவதும் அதுதான்
செய்தே தீர வேண்டியதும் அதுதான்.
காலைக்கடன் என்றுகூடச் சொல்கிறோம், வட்டியில்லாமல்.
அவர்கள் மொழியில் இரண்டுக்கும் வேறு வேறு சொல்,
வேறு வேறு அலுவலகம்.

பொறியாளர் பெயர் செரோனோ.
நக்குரு பக்கம், எரிமலை மண்.
அதுவரை வாய் திறக்காதவள்
குழாயின் முனகலைக் கேட்டுச் சிரித்துவிட்டாள்.
மேல்வரிசையில் பழுப்புக் கோடு.
மாராத்தாள் பார்த்தாள்.
தன் உதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள்.
அதே கோடு.
அந்த ஒரு நிமிடத்துக்கு
நான் கூலி வாங்கியிருக்கக் கூடாது.

பிறகு செரோனோ சாக்பீஸ் கேட்டாள்.
சிமெண்டுத் தரையில் ஒரு டிரம், ஒரு மூடி,
அடியில் தீ.
"எங்கள் தண்ணீரும் இப்படித்தான். சவ்வு வேண்டாம்.
எலும்பை எரித்துக் கரியாக்கி அதன் வழியே விடுங்கள்."

என் நாக்கு நின்றது.
கோயில் கமிட்டி இரண்டு பேர் வாசலில்.
"ஒரு மாதிரிக் கரி" என்றேன்.

"கரியா, கறியா?" என்றார் வெள்ளிங்கிரி.
எங்கள் பேச்சில் இரண்டு ரகரமும்
ஒரே கட்டிலில் படுப்பவை.
"கறி போக மிஞ்சினதோட கரி."

பிறகு யாரும் பேசவில்லை.
ஒருவர் வேட்டியை உதறிக்கொண்டு வெளியே போனார்.
இன்னொருவர் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை.

"மாட்டு லாரி வேலந்தாவளம் தாண்டி
நம்ம ரோட்டுலதான போகுது" என்றாள் மாராத்தாள்,
யாரையும் பார்க்காமல்.
"மூக்கப் பொத்துனவிய ஆரு?"

கண்ணாடிக்காரர் கோப்பைப் புரட்டினார்.
இந்த இனம் ஒப்பந்தத்தில் இல்லை,
புதிய முன்மொழிவு வேண்டும்,
குறைந்தது பதினெட்டு மாதம்.
அறிக்கையில் எழுதச் சொன்னது எனக்குத் தெரியும்:
உள்ளூர்க் கருத்துகள் பதிவு செய்யப்பட்டன.

கார்க் கதவுகள் திறந்தபோது மணி ஐந்தே கால்.
மாராத்தாள் கரண்டு பில்லின் பின்பக்கம்
டிரம்மையும் மூடியையும் வரைந்திருந்தாள்,
தீயைக் கொஞ்சம் பெரிதாக.
என் கையைப் பிடித்தாள்.
"அந்தம்மாகிட்ட ஒன்னு கேட்டுச் சொல்லு கண்ணு.
மூடி இறுக்கமா, தளர்வா?"

கேட்டேன்.
செரோனோ ஏறிய காரிலிருந்து இறங்கி
சுண்டுவிரலை நீட்டிக் காட்டினாள்,
இவ்வளவு இடைவெளி.
மாராத்தாள் தன் சுண்டுவிரலை
அதன் பக்கத்தில் வைத்து அளந்துகொண்டாள்.